சான்று என்ன, அப்பா?

நேத்ரகோணா
22 செப்டம்பர் 2016

ஆங்கில ஆசிரியை ஷர்மிஷ்டா பருவா அவர்களுக்கு,

ஆதாப். நான் உங்கள் மாணவி மஹ்ஃபுஸா கானமின் தகப்பன், டாக்டர் மொஃபஸ்ஸல் ஹொசைன். நேத்ரகோணா சின்னக் கடைவீதியில் ஷெஃபா ஹோமியோ ஹால் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உங்கள் கல்லூரிக்குப் போன் செய்தேன். "புகாரா? எழுத்துல குடுங்க" என்று ஒருவன் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். சரி, எழுத்திலேயே தருகிறேன். எனக்கென்ன, கையா இல்லை?

நான் என் பெண்ணை அங்கே அனுப்பியது எதற்கு? ஓராண்டு ஆயத்த வகுப்பு, ஆங்கிலம் சொல்லித் தருவார்கள், டிசம்பரில் தேறினால் சிட்டகாங்கிலேயே பல்கலைக்கழகத்தில் இடம் உண்டு என்றார்கள். ஆங்கிலம் நல்ல விஷயம். வேண்டாம் என்பேனா? ஆனால் அதோடு கூட 'விமர்சனச் சிந்தனை' என்று எதையோ கலந்து கொடுக்கிறீர்களாமே, அது இப்போது என் வீட்டுச் சோற்றில் மண்ணைப் போட்டுக்கொண்டிருக்கிறது.

ஈத் பெருநாளுக்கு வந்தாள். வந்த அன்றே மீன்காரனிடம் ஆரம்பித்தாள். அவன் பாவம், "ஹாவோர் ஏரி மீன் தங்கச்சி, காலைல பிடிச்சது" என்றான். இவள், "ஹாவோர் மீன்தான்னு என்ன சான்று?" என்று கேட்டாள். அவன் கூடையை அவள் முன்னால் வைத்து, "மீன்கிட்டயே கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டான். மீன் வெயிலில் கிடந்தது. அன்றைக்கு எங்களுக்குப் பருப்புதான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். மறுநாள் தாஹெர் மியா மூட்டுவலிக்கு மருந்து வாங்க வந்தார். என்னிடமே பல வருஷமாக வருகிறவர். "டாக்டர் சாஹிப் குடுத்த உருண்டையால வலி பாதியாக் குறைஞ்சிடுச்சு" என்று எல்லோர் முன்னாலும் மனம் குளிர்ந்து சொன்னார். ஜினுக் (வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்) திரைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினாள். "சாச்சா, உருண்டை சாப்பிடலேன்னா குறைஞ்சிருக்காதுன்னு எப்படித் தெரியும்? மழை நின்னதாலகூடக் குறைஞ்சிருக்கலாமே?"

மேடம், அந்த மனுஷன் கொஞ்ச நேரம் யோசித்தார். என் கடையில் உட்கார்ந்து ஒரு நோயாளி யோசிப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனவர் போனவர்தான். இப்போது எதிரே இருக்கிற மருந்துக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு இங்கிருந்தே அவருடைய முட்டி தெரிகிறது.

ஆங்கிலத்தை மட்டும் கற்றுக்கொடுங்கள். மற்றதை நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
மொ. ஹொசைன்

கவனிக்க: பதில் வெறும் தாளில் போதும், கல்லூரி முத்திரை வேண்டாம். தபால்காரன் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவான்.


சிட்டகாங்
3 அக்டோபர் 2016

டாக்டர் சாஹிப்,

ஆதாப். உங்கள் கடிதத்தைத் துறைத் தலைவர் என் மேசையில் போட்டு, "எழுத்தில் பதில் கொடு" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வேறு வேலையே இல்லை என்று அவருக்கு நினைப்பு. கொடுக்கிறேன்.

முதலில் ஒன்று. நீங்கள் வேறு யாரோ ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். உள்ளபடியே வருகைப் பட்டியலை எடுத்துச் சரிபார்த்தேன். மஹ்ஃபுஸா கானம், நேத்ரகோணா. ஒரே ஒருத்திதான். டாக்டர் சாஹிப், அந்தப் பெண் ஜனவரியிலிருந்து என் வகுப்பில் "யெஸ் மேடம்" தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை.

என் பாடு உங்களுக்குத் தெரியாது. இது கலந்து பேசும் வகுப்பு, வட்டமாக உட்காருங்கள் என்று நாற்காலிகளை நானே இழுத்துப் போட்டுவிட்டுச் சாக்பீஸ் எடுக்கப் போவேன். திரும்பி வருவதற்குள் எல்லாம் பழையபடி வரிசையாகிவிடும். எனக்கென்று ஒரு நாற்காலி எதிரே, அதன்மேல் ஒரு துண்டு வேறு விரித்திருக்கும். "ஏன்மா?" என்றால், "மேடத்துக்கு முதுகு காட்டக்கூடாது மேடம்" என்பார்கள். வட்டத்தில் யாருக்காவது முதுகு தெரியுமா? யாராவது யோசித்தால்தானே.

கருத்து எழுதச் சொன்னால் பள்ளிக்கூட வழிகாட்டிப் புத்தகத்தில் மனப்பாடம் செய்த பத்தி அப்படியே வருகிறது. நகரத்துப் போக்குவரத்து நெரிசலைப் பற்றி எழுதச் சொன்னேன். பாதிப் பேர் 'மனிதன் ஒரு சமூக விலங்கு' என்று ஆரம்பித்திருந்தார்கள். போன மாதம் எனக்குப் பொறுமை போய்விட்டது. வேண்டுமென்றே, "பத்மா நதி நம்ம சிட்டகாங் ஊருக்குள்ள ஓடுது" என்றேன். ஜன்னலைத் திறந்தால் கர்ணபுலி ஆறு தெரியும். ஒருத்தியாவது எழுந்து, "அது கர்ணபுலி மேடம்" என்பாள் என்று காத்திருந்தேன். வகுப்பு மொத்தமும் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டது. உங்கள் மகள் அதற்கு இரண்டு முறை அடிக்கோடு போட்டாள்.

டிசம்பர் ஐந்தாம் தேதி வாய்மொழித் தேர்வு. மூன்று தேர்வாளர்கள். ஒரு வாதத்தை எடுத்து வைத்து, அவர்கள் மறுத்தால் பதில் சொல்ல வேண்டும். பேசாவிட்டால் எழுத்தில் எத்தனை மார்க் வாங்கினாலும் பல்கலைக்கழக இடம் கிடையாது. மஹ்ஃபுஸாவின் எழுத்து நன்றாக இருக்கிறது. இப்படியே போனால் அவள் தோற்பாள்.

வீட்டில் அவளைப் பேச வைப்பதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்? கேலிக்காகக் கேட்கவில்லை. தயவுசெய்து சொல்லுங்கள்.

ஷர்மிஷ்டா பருவா


நேத்ரகோணா
14 அக்டோபர் 2016

மேடம்,

ஆதாப். உங்கள் கடிதத்தை ஜினுக்கின் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். 'பேசுவதில்லை' என்ற இடம் வந்ததும் அவள் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பூஜை விடுமுறைக்கு வந்திருந்தவளையே கூப்பிட்டுக் கேட்டேன். "ஏண்டி, கிளாஸ்ல வாயே திறக்க மாட்டியாமே?" தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த நிமிஷமே, நான் தலைவலித் தைலத்தை எந்த ஆதாரத்தில் சிபாரிசு செய்கிறேன் என்று என்னைக் கேட்டாள். நாங்கள் என்ன செய்கிறோம் என்றா கேட்கிறீர்கள்? அவள் வாயை மூட என்ன செய்யலாம் என்று நாங்கள் அல்லாடிக்கொண்டிருக்கிறோம்.

அது கிடக்கட்டும். இப்போது விஷயம் வேறு. பெண்ணுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. மின்சார அலுவலகத்தில் எஞ்சினியர், மோஹன்கஞ்சில் நல்ல குடும்பம். டிசம்பர் இரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை நிக்காஹ் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். தேர்வுக்கும் அதற்கும் ஒத்துவராது. எப்படியும் தோற்பாள் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். எனவே அவள் பெயரை நீக்கிவிட விரும்புகிறேன். அதற்கு வகுப்பாசிரியை கையெழுத்து வேண்டுமாம். போட்டு அனுப்புங்கள். என் காரணங்களை முறைப்படி கீழே எழுதியிருக்கிறேன், துறைத் தலைவருக்கும் காட்டலாம்.

கவனிக்க: பெண் என்பவள் ஒரு வீட்டில் போய் வாழ வேண்டியவள். எதற்கெடுத்தாலும் 'ஏன், எதற்கு, என்ன சான்று' என்று கேட்கிறவளை எந்த வீடும் வைத்துக்கொள்ளாது.

கவனிக்க: இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. கண்ணால் கண்டவன் சொல்கிறேன்.

கவனிக்க: கேள்வி கேட்பது ஒரு நிமிஷ வேலை. அதற்கு ஆயுள் முழுக்க விலை கொடுப்பது அவள்தான், கேட்கக் கற்றுக்கொடுத்த வாத்தியார் அல்ல.

கவனிக்க: பெற்றவனுக்குப் பெண் அறிவாளியாக இருப்பதைவிடப் பத்திரமாக இருப்பது முக்கியம்.

மொ. ஹொசைன்


சிட்டகாங்
21 அக்டோபர் 2016

டாக்டர் சாஹிப்,

ஆதாப். கையெழுத்துப் போடவில்லை. உங்கள் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், திருத்தி. பழக்க தோஷம், சிவப்பு மை.

முதல் காரணம்: 'எந்த வீடும்' என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை வீடு பார்த்தீர்கள்? என் மாணவி இப்படி எழுதியிருந்தால் பாதி மார்க்கைப் பிடித்திருப்பேன்.

இரண்டாவது: 'கண்ணால் கண்டவன்.' என்ன கண்டீர்கள்? எழுதவில்லை. எழுதாத சான்று சான்றே இல்லை.

மூன்றாவது நன்றாக இருக்கிறது. என்னைக் குத்துகிறது. அதற்கு முழு மார்க்.

நான்காவது: அறிவாக இருப்பதும் பத்திரமாக இருப்பதும் ஏன் ஒன்றுக்கொன்று எதிரி? நீங்கள் அப்படி வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள், நிரூபிக்கவில்லை.

இரண்டாவதற்குப் பதில் அனுப்புங்கள். அது என்னை நம்ப வைத்தால் அன்றே கையெழுத்துப் போடுகிறேன். இன்னொன்று. 'தோற்பாள்' என்று நான் எழுதியது உங்களை உசுப்பிவிட. பெயரை எடுக்க அல்ல! ஒன்றைச் சொன்னால் இன்னொன்றாக எடுத்துக்கொள்வதில் அப்பாவும் மகளும் ஒரே அச்சு.

ஷர்மிஷ்டா பருவா


நேத்ரகோணா
29 அக்டோபர் 2016

அம்மையீர்,

என் கடிதத்துக்குச் சிவப்பு மையா? எனக்கா? நான் உங்கள் வகுப்பில் எப்போது சேர்ந்தேன்?

கண்ணால் கண்டது என் குடும்ப விஷயம். அதை விவரித்து உங்களிடம் மார்க் வாங்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. நவம்பர் பதினெட்டு வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பேசி முடிக்க வருகிறார்கள். மறுநாள் நானே ரயிலேறி வந்து பெண்ணை அழைத்துக்கொண்டு போகிறேன். உங்கள் கையெழுத்து இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

மொ. ஹொசைன்

கவனிக்க: 'உசுப்பிவிட' என்று தகப்பனுக்கு எழுதுவதுதான் உங்கள் கல்லூரி மரியாதையா?


சிட்டகாங்
10 நவம்பர் 2016

டாக்டர் சாஹிப்,

ஆதாப். நீங்கள் எனக்கு ஆதாப் போடாமல் எழுதியதைக் கவனித்தேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்தால் என்மேல் இன்னும் கோபம் வரும். வரட்டும். ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

உங்கள் நான்கு காரணங்களை ஆங்கிலத்தில் பெயர்த்து வகுப்பில் கொடுத்தேன். பெயர் இல்லை, ஊர் இல்லை, 'ஒரு தகப்பன் எழுதியது' என்று மட்டும் போட்டேன். அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டீர்கள். வருஷம் முழுக்க ஒரு வகுப்பை வாய் திறக்க வைக்க முடியாதவளுக்கு வருகிற எரிச்சலில் செய்தேன்.

முதல் தடவையாக வகுப்பு பேசியது. பேசியது என்ன, பிய்த்து எறிந்தது! ஜெஸ்மின் என்று ஒருத்தி எழுந்து, "சான்றே இல்லை மேடம், எல்லாம் பொத்தாம் பொதுவா இருக்கு" என்றாள். இன்னொருத்தி, "கண்ணால கண்டாராம்! எதைக் கண்டார்? பேயையா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். நானும் சிரித்தேன்.

அப்போது பின்வரிசையில் நாற்காலி ஒன்று கீழே விழுந்தது. மஹ்ஃபுஸா எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

நான் பெயரை எடுத்தேனே தவிர, ஒவ்வொரு காரணத்துக்கும் முன்னால் இருந்த 'கவனிக்க'வை எடுக்க மறந்துவிட்டேன். மருந்துச் சீட்டிலும் வீட்டுக் காய்கறிச் சீட்டிலும்கூட நீங்கள் அப்படித்தான் எழுதுவீர்களாம்.

ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தாள். நடுவில் வங்காள மொழிக்கு வந்துவிட்டாள். நான் தடுக்கவில்லை. அவள் பேசியதை வகுப்பு முடிந்த கையோடு உட்கார்ந்து எழுதி வைத்தேன். அப்படியே தருகிறேன்.

"சிரிக்காதீங்க. இவர்கிட்ட சான்று இருக்கு. எழுதலை, அவ்வளவுதான். இவருக்கு ஒரு அக்கா. அவங்க வீட்டுக்காரர் இரண்டாவது கல்யாணம் பண்ணிக்கப் போறதா எல்லார் முன்னாடியும் சொன்னார். அவங்க எழுந்து, 'என்கிட்ட என்ன குறை? நாலு பேர் முன்னாடி சொல்லுங்க'ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்விதான் குறைன்னு சொல்லி அன்னிக்குச் சாயங்காலமே படகுல ஏத்தி அனுப்பிட்டாங்க. இதைத்தான் இவர் கண்ணால கண்டார். இவருக்குப் பயம். பயம் சான்று ஆகாது, அது எனக்கும் தெரியும். ஆனா பயப்படுறவரைப் பார்த்துச் சிரிக்கிறது விமர்சனச் சிந்தனையா மேடம்?"

என் முகம் போன போக்கை நான் உங்களுக்கு எழுதப் போவதில்லை. உட்காரப் போகிறாள் என்று நினைத்தேன். உட்காரவில்லை.

"ஆனா இவர் முடிவு தப்பு. அதுக்கும் சான்று அவர்கிட்டயே இருக்கு. அக்கா கேட்டது தப்புன்னு இவர் நினைச்சிருந்தா, மன்னிப்புக் கேக்க வச்சுத் திருப்பி அனுப்பியிருக்கணும். ஊர் முழுக்க அதைத்தான் சொல்லுச்சு. இவர் அனுப்பலை. 'யாரும் எங்கேயும் போக வேண்டாம்'னு சொன்னார். அப்ப இவருக்கு மீசைகூடச் சரியா முளைக்கலை. இன்னிவரைக்கும் எங்க வீட்ல முதல் தட்டு அந்த அக்காவுக்கு, என் ஃபுஃபுவுக்குத்தான். அப்பாவுக்கு இல்லை, விருந்தாளிக்கு இல்லை. கேள்வி கேட்டவளை எந்த வீடும் வச்சுக்காதுன்னு எழுதியிருக்கார். அவர் வீடு வச்சுக்கிச்சே!"

அப்போதுதான் அது யார் எழுதியது என்று வகுப்புக்கே புரிந்தது. 'பேயையா' என்றவள் அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் அதே நிலைமைதான். வாத்தியார் என்பதால் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன், இத்தனை பேசத் தெரிந்தவள் இங்கே ஏன் வாய் திறக்கவில்லை என்று. "இங்க தப்பாப் பேசினா மார்க்கைக் குறைப்பேன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க? வீட்ல கேட்டா அப்பா கத்துவார். ஆனா எங்க வீட்ல கேள்வி கேட்டதுக்காக யாரையும் துரத்த மாட்டாங்க" என்றாள்.

டாக்டர் சாஹிப், அவளைப் பேச வைக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தேன். பதில் கிடைத்துவிட்டது. நான் பன்னிரண்டு வருஷமாகப் பயிற்சி மேல் பயிற்சி வாங்கிக் கற்றுக்கொள்ளாததை நீங்கள் கத்திக்கொண்டே செய்திருக்கிறீர்கள். அதைத்தான் நீங்கள் நிறுத்தச் சொல்லி எனக்கு எழுதுகிறீர்கள். இதற்குமேல் எனக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

உங்கள் கடிதத்தைக் கேட்காமல் பயன்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கையெழுத்து மட்டும் போட மாட்டேன்.

ஷர்மிஷ்டா பருவா


நேத்ரகோணா
20 நவம்பர் 2016

மேடம்,

ஆதாப்.

கோபப்பட்டேன். நன்றாகவே பட்டேன். என் கடிதத்தை நாற்பது பெண்பிள்ளைகள் படித்துச் சிரித்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. 'மீசைகூட முளைக்கவில்லை' என்பது அப்பட்டமான பொய். முளைத்திருந்தது.

இரண்டு நாள் அந்தக் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன். மூன்றாம் நாள் என் அக்கா மொர்ஜினா அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது எதிரே உட்கார்ந்து முழுவதும் படித்துக் காட்டினேன். அந்த வீட்டு விஷயத்தை நாங்கள் இருவரும் ஒருநாள்கூடப் பேசியதில்லை. அவள் புடைப்பதை நிறுத்தவே இல்லை. முடிந்ததும், "முதல் தட்டு மட்டுமா? மீன் தலையும் எனக்குத்தானே வைக்கிறே. அதை ஏன் விட்டுட்டா?" என்றாள்.

நான் கேட்டேன். கேட்கவே கூடாது என்று இத்தனை வருஷம் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "அக்கா, அன்னிக்கு அந்தக் கேள்வியைக் கேட்காம இருந்திருக்கலாம்னு உனக்குத் தோணியிருக்கா?"

"தோணும். ராத்திரி ராத்திரி தோணும். கேட்காம இருந்திருந்தா, ஏன் கேட்கலைன்னு தோணியிருக்கும். எதுவா இருந்தாலும் தூக்கம் போயிருக்கும்டா. ஆனா இங்க வயிறு நிறையச் சாப்பிட்டுட்டுத் தூக்கம் வராம கிடக்கேன்" என்றாள். பிறகு முறத்தை என் பக்கம் தள்ளி, "கல்லு பொறுக்கு" என்றாள். பொறுக்கினேன். கண் சரியாகத் தெரியவில்லை, ஒரு கல்லையும் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா, ஆள் நல்ல கனம், ரசகுல்லாவை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு பேசினார். நான் மரியாதையாக, "டிசம்பர் அஞ்சாம் தேதி பொண்ணுக்குப் பரீட்சை. நிக்காஹை ஒரு மாசம் தள்ளி வச்சா நல்லது" என்றேன்.

"பரீட்சை எதுக்கு? எங்க வீட்ல யாருக்கும் அவ இங்கிலீஷ் பேசிக்காட்ட வேண்டியதில்ல" என்றார்.

"எதுக்குன்னா, படிச்சிருக்கா. எழுதட்டுமே. வேண்டாம்கிறதுக்கு என்ன காரணம்?" என்றேன்.

அவர் ரசகுல்லாவைக் கீழே வைத்தார். "காரணமா? டாக்டர் சாஹிப், பெரியவங்க சொன்னா காரணம் கேக்குற வீடா இது?"

நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். சத்தியமாகத் தேடிக்கொண்டுதான் இருந்தேன். அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஆமா."

அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை. நானும் அதையே சொன்னேன். "ஆமாங்க. இது கேக்குற வீடுதான்."

எழுந்து போய்விட்டார்கள். தட்டில் வைத்ததில் பாதி அப்படியே இருந்தது. ஜினுக்கின் அம்மா அழுதாள், என்னைத் திட்டினாள், பிறகு மிச்சம் இருந்ததை எல்லோருக்கும் பங்கு வைத்தாள். நல்ல வரன் கைநழுவிவிட்டதே என்று எனக்கும் அடித்துக்கொள்கிறது. ஒளிக்க மாட்டேன். நீங்கள் சொல்லிக்கொடுத்தது சரிதான் என்றும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் மூன்றாவது காரணம் இன்னும் அப்படியே நிற்கிறது. முழு மார்க் போட்டவர் நீங்கள்.

நேற்று நான் ரயிலேறவில்லை.

மொ. ஹொசைன்

கவனிக்க: தேர்வு அன்று நான் வெளியே வராந்தாவில் உட்காரலாமா? ஒன்றும் பேச மாட்டேன்.


சிட்டகாங்
9 டிசம்பர் 2016

டாக்டர் சாஹிப்,

ஆதாப். பேச மாட்டேன் என்று எழுத்தில் கொடுத்திருந்தீர்கள். அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது.

வராந்தாவில் காத்திருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் 'நடுக்கம் நிற்க' என்று நாக்கை நீட்டச் சொல்லி உருண்டை போட்டிருக்கிறீர்கள். துறைத் தலைவரின் நாடியையும் பிடித்துப் பார்த்திருக்கிறீர்கள். அவர் அன்றிலிருந்து தமக்குக் கல்லீரலில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு யாருக்கும் விடுப்புக் கொடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார். என் தலையெழுத்து.

உள்ளே நடந்ததை உங்கள் மகள் சொல்லியிருப்பாள். ஒருவேளை சொல்லாமல் விட்டிருந்தால் என்று நான் எழுதுகிறேன். மூன்றாவது தேர்வாளர் சற்று முரட்டு ஆசாமி. அவள் வாதத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்கு முன்னாடி வந்த பொண்ணு இதுக்கு நேர்மாறாச் சொன்னா, அவளும் நல்லாத்தான் சொன்னா. அப்ப நீ சொல்றது தப்பு, இல்லையா?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். "அவ நல்லாச் சொன்னதால நான் தப்புன்னு எப்படி ஆகும் சார்? அவ சான்றைச் சொல்லுங்க, யோசிச்சுப் பதில் சொல்றேன்" என்றாள். குரல் நடுங்கியது. ஆனால் உட்காரவில்லை. அவர் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார்.

தேறிவிட்டாள். ஜனவரியிலிருந்து அவள் பல்கலைக்கழக மாணவி.

ஒன்று மட்டும். உள்ளே வருவதற்கு முன்னால் நீங்கள் அவளிடமும் உருண்டையை நீட்டினீர்கள். கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். "இது வேலை செய்யும்னு என்ன சான்று, அப்பா?" என்று கேட்டாள். நீங்கள் நீட்டிய கையை எடுக்கவில்லை. அவள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். கடைசிக் கேள்விவரைக்கும் அது அவள் கன்னத்திலேயே இருந்தது என்று நினைக்கிறேன்.

உங்களிடம் உருண்டை வாங்கிச் சாப்பிட்ட எல்லோரும் தேறிவிட்டார்கள். தயவுசெய்து இதைச் சான்று என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

ஷர்மிஷ்டா பருவா


நேத்ரகோணா
22 டிசம்பர் 2016

மேடம்,

ஆதாப். தாமதமாகச் சொன்னீர்கள். கடைவீதி முழுக்கச் சொல்லியாகிவிட்டது. இந்த மாதம் பரீட்சைக்காரப் பையன்களின் கூட்டத்தில் எனக்கு நிற்க இடமில்லை.

நேற்று தாஹெர் மியா திரும்பி வந்தார். எதிர்க் கடை மருந்தில் வலி கூடிவிட்டதாம். உருண்டை கொடுத்தேன். ஜினுக் விடுமுறைக்கு வந்திருக்கிறாள், பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "டாக்டர் சாஹிப் மருந்து மாதிரி வருமா!" என்று அவர் ஆரம்பித்தார். இவள் எப்போது வாயைத் திறப்பாளோ என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். திறக்கவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் புகழ்ந்தார். அதற்கும் இவளிடம் பேச்சில்லை.

மேடம், எனக்குப் பயம் வந்துவிட்டது. என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏண்டி, சும்மா உக்காந்திருக்கே? உடம்புக்கு என்ன? ஏதாவது கேளேன்" என்று நானே சொல்லிவிட்டேன்.

"இருங்கப்பா, யோசிச்சிட்டிருக்கேன்" என்றாள்.

தாஹெர் மியா எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

மொ. ஹொசைன்